மாசியில் இலை தேடிப் போனவன்

ஐந்து கரத்து அப்பனே, தொடங்கும் காரியத்தைத் துலங்கச் செய்பவனே, இதை எழுதி முடிக்கும்வரை என் தற்பெருமையை ஒரு கையால் பிடித்து வைத்துக்கொள். மற்ற நான்கும் உன் விருப்பம்போல் இருக்கட்டும்.

ஐப்பசித் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, புதன்கிழமை. யமகண்டம் காலையிலேயே போயிற்று, குளிகை ஒதுங்கியது, நண்பகல் இராகு காலமும் கழிந்தது. குற்றம் சொல்ல இடமில்லாத பிற்பகல் வேளையில் எழுத அமர்ந்திருக்கிறேன். சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் ஆகையால் வயிற்றில் ஒன்றும் இல்லை. வீட்டிலும் யாரும் இல்லை. என் மனைவி லண்டனில் இருக்கிறாள்.

லண்டனுக்கு எந்தப் பருவத்தில் போவது நல்லது என்று இப்போதெல்லாம் கோயிலில் என்னைத்தான் கேட்கிறார்கள். மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் புந்தோங் வட்டாரத்தில் லண்டன் போய் வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கேள்வி என்னிடம் வருகிறது. கேட்பவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் கூடவே வருகிறது. என் கதை பிறர் வாயில் வளர்ந்துகொண்டிருக்கிறது. சென்ற வாரம் கேட்டபோது நான் லண்டன் பூங்காவில் பனியில் உறைந்து விழுந்ததாகவும், ஆம்புலன்ஸ் வந்து என்னை அள்ளிக்கொண்டு போனதாகவும் ஆகியிருந்தது. நான் விழவில்லை. நடந்ததே எனக்குப் போதுமான அளவு அவமானம். அதை அளவு மாறாமல் நானே எழுதிவிடுகிறேன்.

நானும் என் மனைவியும் அவளுடைய அக்காவும் கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரே லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். அந்தத் தோட்டம் இப்போது பாதி செம்பனையாகவும் பாதி அடுக்கு வீடுகளாகவும் ஆகிவிட்டது. அக்கா பத்தொன்பது வயதில் தாதிப் பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கேயே மணந்து, அங்கேயே ஓய்வு பெற்று, கணவரை இழந்து, நகரின் கிழக்கே ஒரு சிறிய வீட்டில் தனியே வாழ்கிறார். ஐம்பத்தைந்து ஆண்டுகளில் இரண்டு முறை இங்கே வந்திருக்கிறார். இரண்டாம் முறை வந்தது தாயின் கருமாதிக்கு. என் மனைவி அங்கே போனதே இல்லை.

போகாததற்குக் காரணம் நான். கோயிலில் மாலை வழிபாட்டில் பதிகம் ஓதுபவன் நான். நாற்பது ஆண்டுகளாக ஓதுகிறேன். நான் இல்லாவிட்டால் இறைவனுக்கு அன்று காது கேட்காது என்றே நம்பியிருந்தேன். தையில் பூசம், பங்குனியில் உத்திரம், வைகாசியில் விசாகம். ஆடியில் வீட்டைவிட்டுக் கிளம்பலாகாது. புரட்டாசியில் விரதம், ஐப்பசியில் சஷ்டி. மார்கழியிலோ விடியலில் எழுந்து பனியில் நனைந்த பாவையரை எழுப்பிப் பாடவேண்டும். அந்தப் பனியை நான் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டு பாடிவந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “எந்த மாசம்தான் நல்ல மாசம்?” என்று என் மனைவி கேட்கும்போதெல்லாம் பஞ்சாங்கத்தைப் புரட்டுவேன். பன்னிரண்டு மாதத்துக்கும் என்னிடம் பன்னிரண்டு பூட்டுகள் இருந்தன.

சென்ற மார்கழியில் ஒரு நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். என் மனைவிக்குக் காது சற்று மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவாள். நான் திருநீறு குழைத்துக்கொண்டிருந்தேன்.

“கண்ணுல நடுவுல பொகை மாதிரி இருக்குடி,” என்றார் அக்கா. “ஓரத்துல தெரியுது, நடுவுல தெரியல. கலரெல்லாம் வெளுத்துகிட்டே வருது. இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்றாரு. அப்புறம் செவப்பா பச்சையான்னு தெரியாதாம்.”

என் மனைவி தொலைபேசியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள்.

“வாற எலை உதிர்ற நேரத்துல வந்துடுறியா? வீட்டுப் பக்கத்துல பார்க்கு இருக்கு. பூராவும் செவந்து கெடக்கும். அம்மாவோட மரத்துக்குப் போவோமே, அந்த மாதிரி ரெண்டு பேரும் நடப்போம். பாத்துட்டேன்னா போதும். அப்புறம் கண்ணு போனா போவட்டும்.”

இங்கே ஒன்று விளக்கவேண்டும். எங்கள் மாநிலத்தில் பருவம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. காலையில் வெயில், பிற்பகலில் மழை. ஆண்டு முழுவதும் அதுதான். ஆனால் ரப்பர் மரத்துக்கு மட்டும் ஒரு பருவம் உண்டு. மழை குறைந்து வெயில் காயும் நாளில் அதன் இலைகள் செம்பு நிறம் கொள்ளும். பிறகு ஒரு காற்றுக்கு ஆயிரமாய்க் கொட்டும். அந்த வாரங்களில் பால் குறைந்துவிடும். பால் வெட்டப் போகும் பெண்கள் வேலை முடித்துச் சீக்கிரம் திரும்புவார்கள். ஆண்டு முழுவதும் இருட்டில் எழுந்து போய்விடும் தாயைப் பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்பது அப்போதுதான். இந்த இரு சகோதரிகளும் தாயின் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, சருகு நொறுங்க நடந்து வருவார்கள். நானே பார்த்திருக்கிறேன். ‘இலை உதிர்ற நேரம்’ என்றால் எங்கள் மூவருக்கும் பொருள் அதுதான் என்று நினைத்தேன்.

அது வருவது மாசியில்.

அன்று மாலையே பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். பன்னிரண்டு பூட்டுகளில் மாசிப் பூட்டை நானே திறப்பதாக அறிவித்தேன். என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் இருந்த நன்றியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவளும் தோட்டத்துப் பெண். மாசி என்றதும் அவளுக்கும் ஐயம் எழவில்லை.

எனக்கோ ஐயம் எழாததோடு ஆதாரங்களும் எழுந்தன. பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்ததைப் பற்றி ஒரு முறை கோயிலில் முக்கால் மணி நேரம் சொற்பொழிவு ஆற்றியவன் நான். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் ஒன்றையும் என் உடம்பு அறியாது. ஆனால் வரிசை பிசகாமல் சொல்வேன். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பின்பனி என்றால் என்ன? பனி பின்வாங்குவது. பனி பின்வாங்கினால் வெயில் வரும். வெயில் வந்தால் இலை சிவக்கும். இலக்கணமும் தோட்டமும் ஒரே விடையைத் தந்தபோது வேறு யாரிடம் கேட்கவேண்டும்?

ஈப்போவில் பயணச்சீட்டு எடுத்துத் தரும் கடையில் ஒரு தமிழ்ப்பெண் இருந்தாள். பிப்ரவரி என்றதும் கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

“அங்கிள், பிப்ரவரில அங்க செம்ம செஜுக் லா. பல்லு தந்தி அடிக்கும். பக்கத்து வீட்டு அக்கா போய்ட்டு வந்து ஒரு மாசம் இருமுனாங்க.”

“குளிரெல்லாம் மார்கழியோடு முடிந்துவிடும், அம்மா. நாங்கள் போவது இலை உதிரும் காலத்துக்கு.”

“எலை உதிர்றது அக்டோபர் இல்லையா அங்கிள்?”

“நீ எங்கே பிறந்தாய்?”

“ஈப்போ ஜெனரல் ஆஸ்பத்திரிலதான்.”

“நான் தோட்டத்தில் பிறந்தவன். இலை எப்போது உதிரும் என்று எனக்குத் தெரியும்.”

அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி, “மாசிதான் பாப்பா,” என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தன் அறிவின்மேலேயே சந்தேகம் வந்திருக்கவேண்டும். “ஓக்கே லா,” என்று சீட்டை அச்சிட்டுக் கொடுத்தாள். சரியான விடையைச் சொன்ன ஒரே ஆளை, பிறந்த இடத்தைக் கேட்டு வாயடைத்தவன் நான்.

என் மனைவி அக்காவுக்குச் சொன்னாள்: “எலை உதிர்ற நேரத்துக்கு வந்துடுறோம். மாசி பொறந்ததும்.” அக்காவுக்குத் தமிழ் மாதங்கள் மறந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அவர் காதில் விழுந்தது ‘இலை’ மட்டுமே. “சரிடி, சரிடி,” என்றார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நாளைச் சொன்னபோதுதான், “இப்பவேவா?” என்று கேட்டார். பிறகு, “நல்லது, வாங்க வாங்க,” என்று சிரித்தார். தங்கைக்குப் பொறுக்க முடியவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டார். அக்கா மகிழ்ச்சியில் சிரிக்கிறார் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

பயணத்துக்குச் சீட்டுக் கிடைத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் மேற்கே சூலம். லண்டனோ சுத்தமான மேற்கு. இதற்கு முன்னோர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆகாத நாளில் புறப்பட நேர்ந்தால், அதற்கு முன் வரும் நல்ல நேரத்தில் மூட்டையை வீட்டிலிருந்து எடுத்துப்போய் இன்னொரு வீட்டில் வைத்துவிடவேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் குற்றமில்லை. ஆகவே புதன்கிழமை காலை, எங்கள் துணிப்பெட்டியை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அதை நடத்தும் பாய்க்கும் எனக்கும் முப்பது ஆண்டுப் பழக்கம். அவர் ரொட்டி மாவை வீசிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, வீட்ல சண்டையா? பெட்டியோட வந்துட்டீங்க?”

விளக்கினேன்.

“அப்ப பெட்டி இன்னிக்கே லண்டன் கெளம்பிருச்சு?”

“ஆமாம்.”

“நீங்க வெள்ளிக்கெழமை போய் அதைப் புடிப்பீங்க?”

“அப்படித்தான்.”

“சரி லா. ஆனா என் கடையில மூணு நாளு தங்குனா பெட்டிக்குப் பசிக்கும். அதுக்கும் சேத்து ரெண்டு ரொட்டி போட்டுருவோம்,” என்று சொல்லி, பெட்டியைக் குழம்புப் பானைகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

அந்தப் பெட்டியில் இருந்தவற்றையும் சொல்லவேண்டும். ஏழு பருத்தி வேட்டிகள், நான்கு மெல்லிய துண்டுகள், திருநீற்றுச் சம்புடம், பதிகப் புத்தகம், ஒரு கைவிசிறி. இலை உதிரும் காலத்தில் தோட்டத்தில் அனல் பறக்கும் அல்லவா? அக்காவின் வீட்டில் விசிறி இருக்குமோ இருக்காதோ என்று நானே நினைவாக எடுத்து வைத்தேன்.

லண்டன் விமான நிலையத்தின் கதவு திறந்தபோது வீசிய காற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பின்பனி என்பது பனி பின்வாங்குவது அன்று, பின்னாலும் தொடர்ந்து வருவது என்று அந்தக் கணமே தெளிந்தேன். முக்கால் மணி நேரச் சொற்பொழிவில் நான் தவறவிட்ட நுட்பம் அது.

அக்காவின் வீடு வெதுவெதுப்பாக இருந்தது. அவர் எங்கள் முகங்களைத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். நேரே பார்த்தால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகை இருக்குமாம். தங்கையின் கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பெட்டியைத் திறந்தபோது மூன்று நாள் குடியிருந்த மீன்குழம்பு வாசம் அறை முழுவதும் எழுந்தது. அக்கா ஒரு வேட்டியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, “அய்யோ, ஈப்போ!” என்றார். அந்தப் பயணத்தில் நான் செய்தவற்றுள் பயன் தந்தது அது ஒன்றே. அதுவும் பாயின் குழம்பு.

பிறகு விசிறி வெளியே வந்தது.

“இது எதுக்கு மாப்ளே?”

“வெயிலுக்கு, அண்ணி.”

அவர் சாளரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். களைத்து வந்தவனிடம் மேலே கேட்கவேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன் எழுந்தேன். நீராடாமல் பதிகம் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. அந்த வீட்டில் வெந்நீர் ஏழு மணிக்குத்தான் வரும் என்று அக்கா சொல்லியிருந்தார். நாற்பது ஆண்டு நெறியை ஒரு குழாய்க்காக விடுவதா என்று, இறைவன் பெயரைச் சொல்லி ஒரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். நான் போட்ட கூச்சல் பண்ணிலும் அடங்காது, தாளத்திலும் அடங்காது. அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அன்று நண்பகலுக்குள் என் குரல் போய்விட்டது. ஒன்பது நாள் திரும்பி வரவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மூலையில் ஊமையாக அமர்ந்திருக்க, அக்காவும் தங்கையும் இடையூறின்றிப் பேசினார்கள். அவர்களுக்கு அது நல்ல பருவமாக அமைந்தது என்றே சொல்லவேண்டும்.

மூன்றாம் நாள் பூங்காவுக்குப் போனோம். அக்கா கைத்தடியோடு, என் மனைவி அவர் முழங்கையைப் பிடித்தபடி. நான் வேட்டிக்குள் அக்கா தந்த கம்பளிக் காற்சட்டையும், அதற்குமேல் அவருடைய காலஞ்சென்ற கணவரின் கனத்த மேலங்கியும் அணிந்தபடி. பெரிய பெரிய மரங்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் ஓர் இலை இல்லை. தரையிலும் இல்லை, ஈரமான கறுப்புப் புல் மட்டுமே. என் மனைவி மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் மெல்லக் கேட்டாள்:

“எலையெல்லாம் கொட்டி முடிஞ்சிருச்சாக்கா? நாங்க லேட்டா வந்துட்டோமா?”

“லேட்டா? அது அக்டோபர்லயே கொட்டிருச்சேடி. இனி மறுபடி வர ஏப்ரல் ஆவும்.”

“மாசியில இல்லையா?”

அக்கா நின்றார். “மாசின்னா...” என்று விரலை மடக்கி எண்ணினார். பிறகு அவருக்கு விளங்கியது. விசிறியும் விளங்கியது.

“ரப்பர் மரம்! ரப்பர் மரத்துக் கணக்கைப் பாத்தா டிக்கெட் எடுத்தீங்க!”

அவர் சிரித்த சிரிப்பில் கைத்தடி கீழே விழுந்தது. இருக்கையில் அமர்ந்து சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். “லயத்துல இருக்கும்போதே இவரு இப்படித்தான்டி. தீபாவளியை ஒரு நாளு முன்னாடியே கொண்டாடி, எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு, எல்லாரு வீட்டுக்கும் வாழ்த்துச் சொல்ல வந்தாரே, ஞாபகம் இருக்கா?”

குரலில்லாத நான் குனிந்து கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன்.

என் மனைவியும் சிரித்தாள். ஆனால் அவள் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். மொட்டை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அக்டோபர் வர எட்டு மாதம். மருத்துவர் சொன்ன ஓராண்டில் ஏற்கெனவே இரண்டு மாதம் போயிருந்தது. தங்கை சிரிப்பை நிறுத்தியதைக் கேட்டுவிட்டு அக்கா, “வந்தியே, அது போதும்,” என்றார். அது போதாது என்பது மூவருக்கும் தெரியும். நாங்கள் திரும்பும்வரை அவர்கள் அந்தப் பூங்காவுக்கு நாள்தோறும் போனார்கள். இல்லாத இலையை எங்கே காட்டுவது? “இந்த மரம் நல்ல செவப்பு. அந்த மூலை மரம் மஞ்சளா ஆவும்,” என்று அக்கா கைத்தடியால் சுட்டிச் சொல்லிக்கொண்டு போவார். நான் பின்னால் நடந்தேன்.

ஊர் திரும்பியபோது இங்கே ரப்பர் மரங்கள் சிவந்து கொட்டிக்கொண்டிருந்தன. ஈப்போவுக்கு வரும் பேருந்திலிருந்து பார்த்தோம். என் மனைவி என் பக்கத்துத் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

வைகாசியில் அக்காவின் கண் சற்றுக் கூடுதலாக மங்கியது. ஆவணியில் பச்சையும் சாம்பலும் ஒன்றாகிவிட்டதாகச் சொன்னார். சிவப்பு மட்டும் ஓரத்தில் இன்னும் நின்றது. ஐப்பசி பிறந்ததும் ஒரு காலை அழைத்தார். “செவக்க ஆரம்பிச்சிருச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. எனக்கும் லேசா தெரியுது. ரெண்டு, மூணு வாரம்தான்டி நிக்கும்.”

என் மனைவி அன்று பஞ்சாங்கத்தின் பக்கமே திரும்பவில்லை. தானே பேருந்தேறி அந்தக் கடைக்குப் போய், அதே பெண்ணிடம் சீட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வியாழக்கிழமை, தேய்பிறை அஷ்டமி, விமான நிலையப் பேருந்து பிற்பகல் இரண்டு மணிக்கு. வியாழனில் ஒன்றரை முதல் மூன்று வரை இராகு காலம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு. இதைவிடப் பொல்லாத ஒரு நேரத்தை நான் முயன்றாலும் தேடியெடுக்க முடியாது.

“இராகு காலம்,” என்றேன்.

“ராகு லண்டன் வரைக்கும் வரமாட்டாரு. அவருக்குப் பாஸ்போட் இல்ல.”

சற்று நேரம் நடந்துவிட்டு வந்து, என் வாழ்நாளின் மிகப் பெரிய தியாகத்தை அறிவித்தேன். “நானும் வருகிறேன். இந்த ஆண்டு சஷ்டிக்குப் பாடாவிட்டாலும் பரவாயில்லை.”

அவள் மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தாள். “ஏங்க, நீங்க பாடலேன்னா முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. நீங்க வந்தா அக்கா கோவிச்சுக்கும். ஒங்களுக்கு வெந்நி வெச்சு, மேலுக்குப் போத்திவிட்டு, தொண்டைக்குக் கசாயம் போட்டு... அதுக்குள்ள எலை கொட்டிரும்.”

இதில் தவறு ஏதும் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு மனம் பொறுக்கவில்லை. அது இராகு காலமோ யமகண்டமோ இல்லாத நேரம்; அஷ்டமியை மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. அவளுடைய பெட்டியை நகர்த்தினால் தெரிந்துவிடும். நாற்காலியில் கிடந்த கம்பளிச் சால்வையை மட்டும் எடுத்து மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன்.

பாய் என்னைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். “இன்னொன்னா? எங்கடையை ஏர்போட்டா ஆக்கிட்டீங்களா ரெண்டு பேரும்?”

“ரெண்டு பேருமா?”

அவர் குழம்புப் பானைகளின் பக்கம் தாடையைக் காட்டினார். அங்கே என் மனைவியின் கைப்பை இருந்தது; அக்காவுக்காக அவள் இடித்த மிளகாய்ச் சம்பல் புட்டியும், இரண்டு புடவைகளும் உள்ளே. அவள் மற்றப் பெட்டியோடு வைத்திருப்பாள் என்று நான் எண்ணிய பை.

“முந்தாநாளு ஒங்க வீட்டம்மா கொண்டாந்து வெச்சாங்க. அஷ்டமி பொறக்கிறதுக்கு முன்னாடி நல்ல நேரமாம். ‘எனக்கு இதுல நம்பிக்கை இல்ல பாய், அவரு நான் போய்ச் சேர்ற வரைக்கும் தூங்கமாட்டாரு, அதுக்குத்தான்’னாங்க. போன பெறவு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. நீங்க முந்திக்கிட்டீங்க, நான் என்னா செய்ய?”

சால்வையைப் பையின்மேல் வைத்தேன். பாய் இரண்டையும் ஈரம் படாத பக்கமாக நகர்த்தி வைத்தார். வீடு திரும்பியபோது, “எங்க போனீங்க?” என்றாள். “தேநீர் குடிக்க,” என்றேன். “சால்வையைக் காணோம்,” என்றாள். “இருக்கும்,” என்றேன். இராகு காலத்தின் உச்சியில் அவள் பேருந்தேறினாள். பேருந்துக்குப் போகும் வழியில் பாயின் கடையில் நின்று பையை எடுத்தபோது சால்வையைக் கண்டிருப்பாள். திரும்பி, எதிரே வாசலில் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நான்காம் நாள், இங்கே விளக்கேற்றும் வேளை, அங்கே முற்பகல். கோயிலுக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அழைத்தது. படத்தில் முதலில் தெரிந்தது சிவப்பு மட்டுமே. பிறகு படம் ஆடி நிலைத்தது. மாசியில் நான் பார்த்த அதே மரங்கள். அக்கா கைத்தடியால் சுட்டிய அதே மரங்கள். ஒன்றுகூட அவர் சொன்ன நிறத்துக்கு மாறாக இல்லை. என் மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அக்கா ஓர் இலையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காமல், காதோரமாகத் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார்.

“தெரியுதாக்கா?” என்றாள் என் மனைவி.

“தெரியுதுடி. நம்ம மரத்துச் செவப்பு இல்ல, இது வேற. ஆனா செவப்புதான்.” பிறகு கைப்பேசி இருக்கும் திசையை உத்தேசித்துக் குரல் கொடுத்தார். “மாப்ளே! வேட்டி விசிறியெல்லாம் எடுத்துகிட்டு அடுத்த மாசிக்கு வாங்க. அதுக்குள்ள எனக்குக் கண்ணு சுத்தமா தெரியாது. எலை இருக்குன்னு நீங்க சொன்னா நம்பிக்குவேன்.”

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பக்கமாக ஒரு பையைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கிடையே நடந்தார்கள். கைப்பேசியை அணைக்க மறந்து என் மனைவி அதைப் பைக்குள் போட்டுவிட்டாள். படம் இருண்டது. சருகு நொறுங்கும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் வாசலில் ஒரு செருப்போடு நின்று கேட்டேன். கோயில் மணி அடித்தது. அன்று பதிகம் பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. என்னைத் தவிர யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே, லண்டனுக்கு எந்தப் பருவம் நல்லது என்று கேட்போருக்கு என் விடை இது: என்னைக் கேட்காதீர்கள். அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவரைக் கேளுங்கள். அவர் சொல்லும் சொல் எந்த மரத்தைப் பற்றியது என்பதையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் யாவரும் நலம் பெறுக. உங்கள் கண்களில் நிறங்கள் நெடுநாள் தங்குக. உங்களுக்காகச் சிவக்கும் இலை, நீங்கள் போய்ச் சேரும்வரை காம்பை விடாதிருக்க. ஆகாத வேளையில் புறப்பட நேர்ந்தாலும், உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பையை நல்ல நேரத்தில் எடுத்து வைக்கும் ஒருவர் எந்நாளும் உங்கள் வீட்டில் இருப்பாராக. அவருக்கும் குறைவிலா வாழ்வு உண்டாகுக.